மருதையன் குத்தகையில் ராணியின் கூடாரம்

கீழக்குறும்பூர்க் காத்தாயி ஒரே முற்பகலில் பன்னிரண்டாயிரம் யானைகளை வெறுங்கையால் கொன்று சாய்த்தவள். பன்னிரண்டாயிரம் என்பது சற்றுக் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊரில் விசாரித்தால் ஆறு என்பார்கள். ஆனால் ஆறு யானைக்காக யார் பேனாவைத் திறப்பார்கள்? வெறுங்கை என்பதும் முழு உண்மை இல்லை; இடக்கையில் ஒரு முடி நாற்று இருந்தது.

அந்த யானைகள் அவள் வாயில் பிறந்து, அவள் வாயிலேயே செத்தவை. ஆனாலும் அவற்றுக்காகச் சேற்றில் நின்று மூக்கைச் சிந்திய பெண்கள் நிஜமானவர்கள். வரப்பில் குடை பிடித்து நின்று “அடடா, அடடா” என்று தொடையில் தட்டிக்கொண்ட மிராசுதார் இராஜாங்கமும் நிஜம்தான்.

காத்தாயி பிறந்தது வேதாரண்யத்துப் பக்கம், உப்பு வாரும் குடும்பம். பதினேழு வயதில் மருதையனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழக்குறும்பூருக்கு வந்தாள். மருதையன் இராஜாங்கத்தின் நிலத்தில் ஐந்து மாவை, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கரை, குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தான். வாய்ப்பேச்சுக் குத்தகை. சீட்டு, ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தக் காலத்தில் காகிதம் கேட்டால் மிராசுதாருக்கு மரியாதைக் குறைவு. கேட்டவனுக்கு மறுநாள் நிலம் குறைவு.

முதல் நடவுக்கு இறங்கிய அன்று காத்தாயிக்குச் சேறே புதிதாக இருந்தது. உப்பளத்துச் சேறு காலைக் கடிக்கும், ஆனால் விட்டுவிடும். இந்தச் சேறு கடிக்காது, விடவும் செய்யாது. அதைவிட ஆச்சரியம், இருபது பெண்களும் குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்ததுதான்.

“இவங்க எல்லாம் யாரப் பாத்துப் பயந்து பின்வாங்குறாங்க?” என்று கேட்டாள்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் அம்சம். காத்தாயிக்கு நாலு வயது மூத்தவள். “பயமும் இல்ல, கியமும் இல்ல. முன்னால நடந்தா நட்டத நீயே மிதிச்சிடுவ. நடவுக்காரிக்குப் பின்னால போறதுதாண்டி முன்னேத்தம்” என்றாள்.

இந்த வாக்கியம் காத்தாயியின் மண்டைக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. பதினோரு வருஷம் கழித்துத்தான் எழுந்து வெளியே வந்தது.

நடவென்றால் பாட்டு உண்டு. ஆளுக்கொரு அடி எடுத்துப் பாட வேண்டும். காத்தாயியின் முறை வந்தது. பாடினாள். மடையோரம் நின்ற கொக்குகள் மூன்று எழுந்து பறந்தன. அவற்றில் ஒன்று அதற்குப் பிறகு ஜில்லாவிலேயே தென்படவில்லை என்பார்கள். அம்சம் நாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

“தங்கச்சி, நீ நல்லாருப்ப. பாட்டு வேணாம். வாயில ஏதாவது பேசிக்கிட்டே நடு.”

அப்படிப் பேச்சாகத் தொடங்கியதுதான் அந்த மகா யுத்தம்.

ஏழு கடலுக்கு அப்பால் ஓர் ஆறு. ஆற்றின் மேலே தலைமடை நாடு, கீழே கடைமடை நாடு. நடுவில் ஒரே ஒரு மதகு. தலைமடை நாட்டை ஆண்டவன் மதகுபூட்டி மகாராசா. மதகைப் பூட்டிச் சாவியைத் தன் மீசையில் முடிந்துகொண்டவன். கடைமடை நாட்டை ஆண்டவள் செங்கால் நாச்சியார். தண்ணீர் கேட்டு ஓலை அனுப்பினாள், ராசா ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல தண்ணி பட்ட ஈரமே இல்லையே, இவ்வளவு காஞ்ச நாட்டுக்கு எதுக்குத் தண்ணி?” என்று கேட்டான். அன்றைக்குப் பிடித்தது சண்டை.

முதல் வருஷக் குறுவையில் பிடித்த சண்டை, தாளடியிலும் முடியவில்லை. மறுவருஷமும் முடியவில்லை. பெண்கள் முடிய விடவில்லை. பாட்டு அடியோடு நின்றுபோயிற்று. காத்தாயியும் அந்தக் கதைக்கு ஒரு கட்டுத்திட்டம் வைத்திருந்தாள். கை ஓடினால்தான் கதை ஓடும். ஒருத்தி இடுப்பை நிமிர்த்தினாலும் போர்க்களம் அப்படியே உறைந்துவிடும், ஓங்கிய வாள் ஓங்கிய இடத்திலேயே நிற்கும். வீட்டிலோ, வழியிலோ, கடைத்தெருவிலோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அன்றைக்கு எந்த வயலில் நடவோ, அன்றையச் சண்டையும் அந்த வயலில்தான் நடக்கும்.

ஆகவே நாலைந்து வருஷத்தில் கீழக்குறும்பூர் வெளி முழுவதும் போர்க்களமாகிவிட்டது. ஐயனார் திடலடியில் மூக்கறுந்த மந்திரி செத்தான். பிள்ளையார் மூலையில் நாலு யானை விழுந்தது. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த கலந்தர் பாய் வாங்கிப்போட்ட மூன்று மாவில் ராசாவின் பீரங்கி சேற்றில் புதைந்து, இன்றுவரை எடுத்தபாடில்லை. ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் முதல் நடவு மருதையன் குத்தகையில்தான். அவன் நாற்றுத்தான் முதலில் தயாராகும். எனவே செங்கால் நாச்சியார் வருஷாவருஷம் கூடாரம் அடித்ததும் மருதையன் குத்தகையில்தான். மற்ற இடமெல்லாம் மாறும். கூடாரம் மாறாது.

கதைக்கு உயிரை விடுகிறவள் அம்சம். ஆனால் ஞாபகம் மட்டும் கிடையாது. செத்துச் சாம்பலான மந்திரியை மறுவருஷம் பல்லக்கில் ஏற்றி அழைத்துவருவாள்.

“அவன்தான் செத்துட்டானேக்கா!”

“செத்தா என்னடி? பல்லக்கு சும்மாதானே கெடக்கு.”

இராஜாங்கம் முதலில் வரப்புக்கு வந்தது வேலையை மேற்பார்வை பார்க்க. பிறகு மேற்பார்வை போய்விட்டது. கேள்வி மட்டும் மிஞ்சியது. அவர் மதகுபூட்டி மகாராசா கட்சி. அவருடைய நிலங்களும் வாய்க்காலின் தலைப்பில் இருந்ததால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ராசாவின் குதிரைக்குக் காத்தாயி ‘அவசரம்’ என்று பேர் வைத்தது அவருக்கு ஆறாத மனக்குறை.

“பட்டத்துக் குதிரைக்கு வைக்கிற பேராடி இது?”

“அது ஓடுற ஓட்டத்துக்கு அப்படித்தாங்க பேரு வருது.”

“இந்த வருஷமாவது ராசா ஒரு தடவ ஜெயிக்கட்டுமே?”

“போன வாரம்தானேங்க ஜெயிச்சாரு, உங்க புளியமரத்து வயல்ல!”

“ஜெயிச்சாரு. கால் உடைஞ்சுல்ல ஜெயிச்சாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு குடையை மாற்றிப் பிடிப்பார். ஆனால் யார் எந்த வயலில் எப்போது விழுந்தார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அம்சம் தப்பாகச் சொன்னால் வரப்பிலிருந்தே அதட்டுவார். தப்பான கதை காதில் விழுந்தால் அவருக்குச் செருப்புக்குள் சிறுகல் போன மாதிரி. எடுத்தெறியாமல் ஓர் அடி வைக்க முடியாது.

இதற்கிடையில் நாட்டில் ஆட்சி மாறியது. இராஜாங்கம் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டத் தொடங்கினார். கோவணம் மட்டும் பழைய ஆட்சியினுடையது. கூலி ஆட்கள் தெருவில் செங்கொடி ஏறியது. ‘ஆண்டே’ என்ற அழைப்பு ‘ஐயா’வாகச் சுருங்கியது. அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது: குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன் பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதிய பிறகு அவனை லேசில் கிளப்ப முடியாது.

மருதையன் மனுப் போட்டான். இராஜாங்கம், “குத்தகையா? எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாதே. அது என் சொந்தப் பண்ணைச் சாகுபடி” என்று பதில் மனுப் போட்டார். ஊர்க் கணக்குப் புத்தகமும் அவர் சொன்னதையே சொன்னது. சாட்சிக்குக் கூப்பிட்டால், அவர் நிலத்தில் குடியிருக்கிறவன் எவன் வருவான்? ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதிவு அதிகாரி நேரே வயலுக்கு வந்து விசாரிப்பதாக ஓலை வந்தது. அன்றைக்குப் பேர் ஏறாவிட்டால் ஐந்து மாவும் போயிற்று. மருதையனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. காத்தாயிக்குத் திரும்பிப் போக உப்பளம் ஒன்றுதான் பாக்கி.

இராஜாங்கத்தின் காரியக்காரர் இளையபெருமாள் ஒரு யோசனை சொன்னார். அந்த மனிதருக்கு வருஷத்தில் ஒரு யோசனைதான் வரும். அந்த வருஷத்தது இதுதான்.

“வேதாரண்யத்துப் பக்கம்லேர்ந்து லாரில ஆள எறக்குவோங்க. அதிகாரி வர்றப்ப நம்ம கூலி ஆளு நட்டுக்கிட்டு இருக்கணும். அப்ப யார் சாகுபடி? நம்ம சாகுபடி.”

செய்தி தெருவுக்கு வந்தது. ஆண்கள் கம்பைத் தேடினார்கள். லாரியை மறித்தால் அடிதடி, அடிதடி என்றால் போலீஸ், போலீஸ் என்றால் மருதையன் உள்ளே, நிலம் வெளியே. இதைக் காத்தாயி ஒரே மூச்சில் கணக்குப் போட்டுவிட்டு நேரே களத்துமேட்டுக்குப் போனாள். இராஜாங்கம் வைக்கோல் போரை அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

“லாரியெல்லாம் எதுக்குங்கய்யா? நாங்களே வந்து நட்டுத் தர்றோம்.”

இளையபெருமாள் சிரித்தார். “ஏன், வயித்துக்குள்ள என்ன வச்சிருக்க?”

“வயித்துக்குள்ள பசிதாங்க இருக்கு. அதோட...” அவள் குரலைத் தாழ்த்தினாள். “கடேசிப் படையெடுப்பு பாக்கி நிக்குதுங்க.”

இராஜாங்கத்தின் கையிலிருந்த அளவுகோல் நின்றது.

“கடேசியா?”

“கடேசிதாங்க. இந்த நடவோட யுத்தம் முடியுது. ஒண்ணு நாச்சியார், இல்ல ராசா, ஒருத்தர்தான் மிச்சம். வேதாரண்யத்து ஆளுங்களுக்குக் கத தெரியாதுங்களே. அவங்க உப்பு வெல பேசிக்கிட்டே நட்டுட்டுப் போயிடுவாங்க.”

இளையபெருமாள் முதலாளியின் காதருகே குனிந்தார். “வேணாங்க. இவ மருதையன் பொண்டாட்டிங்க.”

அதைக் கேட்டதும் இராஜாங்கத்துக்கு முகம் மலர்ந்தது. “அட மடையா, அதுதான்யா நமக்கு வேணும். குத்தகக்காரன் பொண்டாட்டியே எங்கிட்ட கூலிக்கு நட்டா குத்தக எங்கேருந்து வரும்? இதவிடச் சாட்சி வேணுமா?” சட்டத்துக்குச் சட்டம், கதைக்குக் கதை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவர் வைக்கோலைக் குறைத்து அளந்துவிட்டார்.

வீட்டில் மருதையன் கலயத்தைக் கீழே வைக்கவில்லை, போட்டான்.

“நம்ம நெலத்துல அவன் கூலிக்கு நடப் போறியா? அதுக்கு நீயே போயி அவன் பேர எழுதிட்டு வந்துடலாமே!”

“அடிக்கப் போனா நீ வெளியில நிப்ப மாமா. நடப் போனா நான் உள்ள நிப்பேன். அதிகாரி வர்றப்ப வயலுக்குள்ள நம்ம ஆளு யாராவது நிக்கணுமா வேணாமா?”

“நின்னு?”

அதற்குப் பதில் அவளிடம் இருந்ததாகத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். சொல்லவில்லை. “நின்னு பாப்போம்” என்றாள்.

வியாழக்கிழமை தூறலோடு விடிந்தது. இருபது பெண்கள் மருதையன் குத்தகையில் வரிசையாக இறங்கினார்கள். அம்சம் காத்தாயிக்கு வலப்பக்கம். மருதையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர் வரப்பில், யாரோ செத்த வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தான். இராஜாங்கம் புதுக்குடையோடு வந்தார். இளையபெருமாள் முதலாளிக்கு உட்கார மர முக்காலி கொண்டுவந்தார். அது வரப்பின் ஈரத்தில் ஒரு காலைப் புதைத்துக்கொண்டு, முதலாளியைச் சற்றுச் சாய்வாகவே வைத்திருந்தது.

காத்தாயி முதல் நாற்று முடியைப் பிரித்தாள். படையெடுப்பு தொடங்கியது.

பதினோரு வருஷமாகச் சண்டை போட்டுத் தேய்ந்த நாச்சியாரிடம் இப்போது மிச்சமிருந்தது முந்நூறு பேர். மதகைச் சுற்றி ராசாவுக்கு ஏழு சுற்றுக் கோட்டை. ஆனால் தலைமடைக் காவற்காரர்களுக்கு ஒரு கட்டளை இருந்தது: முகம் தெரிந்தால் வெட்டு, முதுகு தெரிந்தால் விட்டுவிடு, ஓடுகிறவனை வெட்டுவது தலைமடைக்கு இழிவு.

“நாச்சியாரு யோசிச்சாங்க. எல்லாரும் திரும்புங்கடா அப்படின்னாங்க. முந்நூறு பேரும் கோட்டைக்கு முதுகக் காட்டிக்கிட்டு, குனிஞ்சு, பின்னாலயே நடந்தாங்க. நம்ம மாதிரி.”

இருபது இடுப்பும் ஒரு கணம் குலுங்கின. கைகள் நிற்கவில்லை.

“கோட்ட மேல நின்ன காவக்காரன் பாத்தான். ‘ஓடுறாங்க’ன்னு சங்கு ஊதினான். அடுத்த நாள் பாத்தான். அன்னிக்கும் முதுகு. ‘இன்னும் ஓடுறாங்க’ன்னு ஊதினான். மூணாம் நாள் பக்கத்துல இருக்குறவனக் கேட்டான், ‘ஏண்டா, மூணு நாளா ஓடுறானுங்க, ஆனா வரவரப் பெரிசாத் தெரியுறானுங்களே?’”

வயல் முழுவதும் சிரிப்பு. இராஜாங்கம் முக்காலியிலிருந்து, “பாக்குறவன் முட்டாளாடி?” என்றார்.

“தலைமடைக் காவக்காரங்கய்யா” என்றாள் காத்தாயி, பணிவாக.

அப்போதுதான் ராசாவின் யானைகள் வந்தன. ஆறோ பன்னிரண்டாயிரமோ, சேற்றில் இறங்கிய யானை எதுவும் கரையேறவில்லை. கடைசி யானை மூச்சை விடும்போது வரப்பில் பதிவு அதிகாரி வந்துகொண்டிருந்தார். பேர் யூனுஸ். சின்ன வயசு. இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பு, கக்கத்தில் பதிவேடு, வாயில் பேனா. செருப்பைக் கீழே வைத்த பிறகுதான் பேனாவை எடுத்துப் பேச முடிந்தது.

“மருதையன் யாரு?”

மருதையன் எழுந்தான். “பதினோரு வருஷமா குத்தகைக்குச் செய்யிறேங்க.”

“காகிதம் ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க.”

“ஐயா என்ன சொல்றீங்க?”

இராஜாங்கம் முக்காலியில் நிமிர்ந்தார். அது இன்னும் ஓர் அங்குலம் புதைந்தது. “என் நெலம், என் நாத்து, என் கூலி ஆளு. பாருங்க, அவன் பொண்டாட்டியே எங்கிட்ட கூலிக்கு நட்டுக்கிட்டு இருக்கா. குத்தகன்னு ஒரு பேச்சே இந்த வயல்ல இருந்தது கெடையாது.”

யூனுஸ் மருதையனைப் பார்த்தார். வருத்தமாகத்தான் பார்த்தார். “ஏதாவது ஒண்ணு வேணும் மருதையன். யாராவது ஒருத்தர் சொல்லணும். வெறும் உங்க வாய்ப்பேச்ச வச்சு நான் எப்படி எழுத முடியும்?” என்று பதிவேட்டை மூடப்போனார்.

நாற்றுச் செருகும் ‘சளக், சளக்’ மட்டும் கேட்டது. மருதையன் காலடியிலிருந்த ஐந்து மாவும் அந்த மூடுகிற அட்டைக்குள் போவதைப் பார்ப்பவன்போல நின்றான்.

அந்த மௌனத்துக்குள் கதை மறுபடி எழுந்தது.

“அப்ப மூக்கறுந்த மந்திரி பல்லக்குல வந்து எறங்கினான்.”

இராஜாங்கத்தின் புருவம் துடித்தது. மந்திரி செத்து ஆறேழு வருஷம். ஐயனார் திடலடியில், அவர் கண்ணெதிரே. அதிகாரி நிற்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

“மந்திரி வந்து, ராசாவோட குதிர வெள்ளையம்மாவ அவுத்துவிட்டான்.”

குடை ஆடியது. அவசரம் என்ற பேரே பிடிக்காத மனிதர்தான். ஆனாலும் பதினோரு வருஷப் பேர் பேர்தானே! தொண்டையைச் செருமினார். இளையபெருமாள் என்னவோ ஏதோ என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

“குதிர ஓடிச்சு ஓடிச்சு, நாச்சியாரோட கூடாரத்துக்கு வந்துச்சு. அந்தக் கூடாரம் எங்க இருக்கு? எப்பவும்போலக் கலந்தர் பாய் வயல்ல...”

“அடி நாசமாப் போறவளே!” இராஜாங்கம் எழுந்துவிட்டார். முக்காலி சேற்றோடு போயிற்று. “கலந்தர் பாய் வயல்ல பீரங்கில்ல கெடக்கு! கூடாரம் என்னிக்குடி அங்க போச்சு? பதினோரு வருஷமா, குறுவையானாலும் தாளடியானாலும், மொத நடவுக்கு மொத நடவு, கூடாரம் மருதையன் குத்தகைலதானடி இருக்கு!”

கைகள் நின்றன.

யூனுஸ் பாதி மூடிய பதிவேட்டைத் திறந்தார். “ஐயா, எங்க இருக்குன்னீங்க?”

இராஜாங்கம் வாயைத் திறந்தார். இளையபெருமாள் முந்திக்கொண்டார். “அது கதைங்க சார்! சும்மா, பொம்பளைங்க கத!”

“கததான். கதைல ராணி வரலாம், குதிர வரலாம். மருதையன் எப்படிய்யா வந்தாரு? குத்தகன்னு ஒரு பேச்சே இந்த வயல்ல இருந்தது இல்லன்னு இப்பத்தானே ஐயா சொன்னாங்க?” யூனுஸ் வயல் பக்கம் திரும்பினார். “இது யாரு வயல்மா?”

இருபது வாயும் ஒரே குரலில் சொன்னது: “மருதையன் குத்தகைங்க.” சாட்சி சொல்லத்தான் பயம், கதை சொல்ல என்ன பயம்? பக்கத்து வயல் யாருடையது, அதற்கு அடுத்தது யாருடையது என்று அவர் விரலை நீட்ட நீட்ட, பீரங்கி புதைந்த கலந்தர் பாய் வயல், மந்திரி செத்த ஐயனார் திடலடி என்று சர்வே எண்கூட இவ்வளவு திருத்தமாக இருக்காது என்கிற மாதிரி பதில் வந்தது.

யூனுஸ் எழுதினார். தூறல் படாமல் மருதையன் தன் தலைத்துண்டை எடுத்துப் பதிவேட்டின் மேல் பிடித்தான். எழுதி முடித்து, “ஐயா சொன்னதத்தான் எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

“நான் போட மாட்டேன்” என்றார் இராஜாங்கம்.

யூனுஸ் யோசித்தார். பெண்கள் யோசித்தார்கள். தூறல்கூட யோசித்தது. இராஜாங்கம் மட்டும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி இடுப்பை நிமிர்த்திச் சும்மா நின்றாள்.

“என்னடி நின்னுட்ட?”

“கை நின்னா கத நிக்குங்கய்யா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“அப்ப நடுங்களேன்!”

“நாங்க நடுறோங்க. உங்க கைதான் நிக்குது.”

முந்நூறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு மதகுக்குப் பத்தடியில் நிற்கிறார்கள். ராசா கோட்டைக்குள் மீசையில் சாவியோடு. பதினோரு வருஷம். இராஜாங்கம் வானத்தைப் பார்த்தார், மருதையனைப் பார்த்தார், சேற்றில் முழுகிய முக்காலியைப் பார்த்தார். பிறகு பேனாவைப் பிடுங்கி, இளையபெருமாளின் முதுகில் பதிவேட்டை வைத்துக் கையெழுத்தைப் போட்டார். “ம், சொல்லு.”

காத்தாயி குனிந்தாள். சொன்னாள். முந்நூறு முதுகும் மதகுப் பலகையில் மோதி நின்றன. ராசா திடுக்கிட்டு எழுந்து, “வந்தீங்களா, போனீங்களா?” என்று கேட்டான். “வந்துக்கிட்டே நட்டோம்” என்றாள் நாச்சியார். ராசா எட்டிப் பார்த்தான். கடைமடையிலிருந்து மதகுவரை, படை வந்த வழியெல்லாம் பச்சை. மூன்று நாளும் அவர்கள் பின்னால் நடந்தபடியே நாற்று நட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ராசாவின் சேனை ஒன்றரை லட்சம் பேர். பாய வேண்டுமானால் பயிரை மிதித்துத்தான் பாய வேண்டும். ஒருத்தனும் காலைத் தூக்கவில்லை. அவசரம்கூட முன்னங்காலை எடுத்து, பயிரைப் பார்த்து, வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டது. அந்த நாட்டுக் குதிரைக்கும் அவ்வளவு விவசாயம் தெரியும். நாச்சியார் கையை நீட்டி, மீசையிலிருந்து சாவியை அவிழ்த்தாள்.

“ராசாவக் கொன்னுட்டாளா?” இராஜாங்கத்தின் குரல் கம்மியிருந்தது.

“எதுக்குங்க கொல்லணும்? மட காவலுக்கு வச்சுக்கிட்டாங்க. கூலியும் உண்டு.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு, தூறலில் நனைந்தபடியே போனார்.

மருதையன் பேர் பதிவேட்டில் ஏறியது. அன்று சாயங்காலம் அவன் நாற்றங்காலுக்குப் போனான். அன்றைக்கு நட்டது இராஜாங்கத்தின் நாற்று என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அதற்குப் பதில் தன் நாற்றை அவர் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தான். அடுத்த பட்டத்திலும் அவர் வரப்புக்கு வந்தார், வேறு யுத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். “தண்ணிதான் வந்துடுச்சே, இனி என்னங்க சண்ட?” என்று சொல்லிவிட்டாள் காத்தாயி. இப்போது தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். டிவியில் ராசா கதை வந்தால், குதிரைக்குப் பேர் இல்லையே என்று திட்டுகிறாள். பயம் தொண்டையை அடைக்கும் நேரத்தில், மூன்று பொய்யை முத்துமுத்தாகக் கோத்து ஒரு மிராசுதாரின் வாயிலிருந்து உண்மையைத் தூண்டில் போட்டு இழுத்தாளே, அந்தச் சாமர்த்தியம் பன்னிரண்டாயிரம் யானைக்குச் சமானம்.

இதை இந்த இடம்வரை நான் உரக்க வாசித்தபோது, எதிரே மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்சம் கையை நிறுத்தினாள்.

“எல்லாம் சரி. ஆனா அன்னிக்குக் காத்தாயி எங்க பேசினா? அந்தாளு புத்தகத்த மூடப் போறாருன்னதும் அவளுக்குத் தொண்ட அடச்சுப் போச்சு. கண்ணுல தண்ணி, கையி மட்டும் நட்டுக்கிட்டே கெடக்கு. கத நின்னுடக் கூடாதேன்னு நாந்தான் எடுத்துச் சொன்னேன். மந்திரி, வெள்ளையம்மா, கூடாரம் எல்லாம் நான் சொன்னது.”

“அப்ப வேணும்னே தப்பாச் சொன்னது நீங்களா?” என்று கேட்டேன்.

“தப்பா?” அம்சத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தப்பு? அந்தக் கூடாரம் இன்னிக்கும் கலந்தர் பாய் வயல்லதான் இருக்கு.”